மூளைச் சிரையில் ரத்தக்கட்டு: சந்தேகம் வந்த நேரத்திலிருந்து மாத்திரை நிறுத்தும் நாள் வரை

மூளையில் ரத்தக்கட்டு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அறுபது தாண்டியவர்களுக்கு வரும் பக்கவாதம்தான். இங்கே சொல்லப்போவது வேறு. வழக்கமான பக்கவாதத்தில் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அடைக்கும். இதில், மூளையிலிருந்து ரத்தத்தைத் திருப்பி எடுத்துவரும் சிரைகள் அடைக்கும். அதிலும் மண்டையோட்டுக்கு உட்புறமாக ஓடும் சைனஸ் எனப்படும் பெரிய சிரைகள் (சளி பிடிக்கும் சைனஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). டிஸ்சார்ஜ் சம்மரியில் சிவிடி என்றோ சிவிஎஸ்டி என்றோ எழுதியிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். பெரும்பாலும் இளவயதுக்காரர்களுக்கு, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது.

கேட்கவே பயமாக இருந்தாலும் இது குணமாகக்கூடிய நோய். பல நாடுகளில் 624 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் எந்தக் குறையும் இல்லாமல் தேறினார்கள், இன்னும் ஐந்தில் ஒரு பங்கு பேர் சின்னச் சின்னத் தொந்தரவோடு பழைய வேலைக்குத் திரும்பினார்கள். இறந்தவர்கள் 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்.

வேலூர்ப் பக்கம் நரம்பியல் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். நான் பார்த்தவரை இந்த நோயில் காரியம் கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, தலைவலியைச் சாதாரணம் என்று தள்ளிப்போடும் முதல் சில நாட்கள். இன்னொன்று, வீட்டுக்குப் போனபிறகு மாத்திரையோடு தனியாக நிற்கும் மாதங்கள். நடுவில் ஆஸ்பத்திரியில் நடப்பதை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதனால் அந்த இரண்டையும்தான் நீட்டி எழுதியிருக்கிறேன்.

படி 1: எப்போது சந்தேகப்பட வேண்டும்

பத்தில் ஒன்பது பேருக்குத் தலைவலி இருக்கும். ஆனால் இது நாளுக்கு நாள் ஏறும் தலைவலி. படுத்தால் கூடும், விடியற்காலையில் அதிகமாக இருக்கும், இருமினாலோ குனிந்தாலோ தெறிக்கும். அதோடு வாந்தி, பார்வை மங்கல், ஒன்று இரண்டாகத் தெரிவது, குனிந்து நிமிர்ந்தால் சில நொடி கண் இருட்டிக்கொண்டு வருவது. அப்புறம் ஃபிட்ஸ், கை கால் ஒரு பக்கம் மரத்துப்போவது, பேச்சு குளறுவது, ஆள் ஒரு மாதிரி சம்பந்தமில்லாமல் பேசுவது. எல்லாம் ஒன்றாக வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். முன்னால் இல்லாத தலைவலி ஏறிக்கொண்டே போகிறது, அந்த ஆள் கீழே சொல்லும் கூட்டத்தில் ஒருவர் என்றால் அதுவே போதும்.

முதலில் பிரசவமானவர்கள். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரைக்கும் ரத்தம் சீக்கிரம் உறையும் தன்மையோடுதான் இருக்கும், அது உடம்பின் இயற்கை. அதன்மேல் நம் ஊரில் என்ன செய்கிறோம்? பச்சை உடம்பு, தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று சொல்லி ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் வெந்நீரோடு நிறுத்திவிடுகிறோம். பால் கொடுக்கிற பெண்ணுக்கு அது காணவே காணாது. அதுவும் கத்திரி வெயிலில், சிமென்ட் ஷீட் போட்ட அறைக்குள், காதில் பஞ்சு வைத்து, தலையைச் சுற்றித் துணி கட்டி. வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பத்தியம் இருங்கள், பூண்டுக் குழம்பு கொடுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீரை மட்டும் தடுக்காதீர்கள்.

சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னொரு குழப்பம் உண்டு. தலைவலி என்று சொன்னதும் "முதுகுல ஊசி போட்டாங்க இல்ல, அதான்" என்று சுற்றியிருக்கிற அத்தனை பேரும் சொல்லிவிடுவார்கள். முதுகு ஊசித் தலைவலி என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அது எழுந்து உட்கார்ந்தால் வரும், படுத்தால் குறையும், சில நாளில் போய்விடும். படுத்தாலும் விடாத தலைவலி, முதலில் படுத்தால் குறைந்துகொண்டிருந்து அப்புறம் எந்நேரமும் வலிப்பதாக மாறிய தலைவலி, ஃபிட்ஸ் சேர்ந்த தலைவலி, இவற்றை முதுகு ஊசியின் கணக்கில் எழுதக் கூடாது. பிரசவத்துக்குப் பின் ஃபிட்ஸ் வந்தால் பிபி ஏறியதாலும் இருக்கலாம், அதையும் உடனே பார்க்க வேண்டும். எப்படியானாலும் வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயம் இல்லை.

அடுத்தது ஹார்மோன் மாத்திரை. கருத்தடை மாத்திரையில் ஆபத்து கொஞ்சம் கூடும் என்பது பலருக்குத் தெரியும். தெரியாதது, மாதவிலக்கைத் தள்ளிப்போட வாங்கும் மாத்திரை. குடியாத்தம் சிரசுத் திருவிழா, ஆடிக் கிருத்திகை, திருவண்ணாமலை கிரிவலம், வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் மெடிக்கல் ஷாப்பில் சீட்டே இல்லாமல் நோரெத்திஸ்டிரோன் வாங்கிப் பத்து நாள் போடுகிறார்கள். கூடவே விரதம், வெயில், நடை. எல்லோருக்கும் ரத்தக்கட்டி வந்துவிடாது (இனி கட்டி என்று சொல்வதெல்லாம் இதைத்தான்). ஆனால் அதைப் போட்ட பிறகு விடாத தலைவலி வந்தால் டாக்டரிடம் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். யாரும் தானாகச் சொல்வதில்லை, ஏனென்றால் அதை ஒரு மருந்தாகவே நினைப்பதில்லை.

ஆண்களில், நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் சோறு தண்ணி இல்லாமல் குடித்தவர்கள். மற்றபடி கடுமையான ரத்தசோகை, பி12 குறைந்து ஹோமோசிஸ்டீன் (ரத்தத்தில் உள்ள ஓர் அமினோ அமிலம்) ஏறியவர்கள், காதில் சீழ் வடிந்து பின்பக்க எலும்பு வரை போனவர்கள், வயிற்றுப்போக்கில் நீர் வற்றியவர்கள், புற்றுநோய்க்காரர்கள், குடும்பத்திலேயே ரத்தம் உறையும் கோளாறு இருப்பவர்கள். காரணமே கிடைக்காத ஆட்களும் உண்டு.

படி 2: எங்கே போவது, எதை எடுத்துப்போவது

108. ஃபிட்ஸ் வந்துகொண்டிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மணி பாருங்கள். சாவிக்கொத்து, இரும்பு எதையும் கையில் திணிக்க வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்றவே வேண்டாம், பல்லுக்கு இடையில் கரண்டி விட வேண்டாம்.

பேரணாம்பட்டிலோ ஆம்பூரிலோ இருந்து கிளம்புகிறவர்கள் வழியில் சின்ன நர்சிங் ஹோமாக நிறுத்திப் பார்ப்பதில் அரை நாள் போய்விடும். எம்ஆர்ஐ அல்லது சிடியில் வீனோகிராம் (சிரைகளைப் படம் பிடிக்கும் ஸ்கேன்) எடுக்கும் வசதி, ஐசியூ, மூளை அறுவை சிகிச்சை, மூன்றும் ஒரே இடத்தில் இருக்கிற ஆஸ்பத்திரி வேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சிஎம்சி என்றால் வண்டி ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், நரம்பியல் பிரிவு ராணிப்பேட்டை வளாகத்துக்குப் போய்விட்டது. டவுனுக்குள் பழைய வளாகத்தில் போய் இறங்கிவிட்டு அங்கிருந்து திரும்ப வண்டி பிடிக்கும் அலைச்சல் வேண்டாமே.

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை: பிரசவ சம்மரி, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரையின் அட்டை (நாட்டு மருந்து உட்பட), முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆதார், ரேஷன் கார்டு. எடை எவ்வளவு என்று தெரிந்தால் சொல்லுங்கள், ஊசியின் அளவு அதை வைத்துத்தான்.

படி 3: ஸ்கேன், ரத்தப் பரிசோதனை

சாதாரண சிடி ஸ்கேன் நார்மல் என்று வந்தால் நிம்மதியாகி வீட்டுக்குப் போய்விடாதீர்கள். சிவிடி உள்ள பலருக்கு மருந்து செலுத்தாத சிடியில் ஒன்றுமே தெரியாது. அடைப்பைக் காட்டுவது வீனோகிராம்: எம்ஆர் வீனோகிராம் அல்லது சிடி வீனோகிராம். "சார், சிரைக்கும் சேர்த்துப் பார்த்தாச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், தப்பில்லை. கர்ப்பிணிகளுக்கு மருந்து செலுத்தாமலேயே எம்ஆர் வீனோகிராம் எடுக்க முடியும். டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் இதை முழுசாக விலக்கிவிட முடியாது.

ரிப்போர்ட்டை நீங்களே படித்து பயப்படவும் வேண்டாம். தலையின் ஒரு பக்கத்துச் சைனஸ் பிறவியிலேயே சிறுத்திருப்பது நிறையப் பேருக்கு உண்டு. அது அடைப்பா, இயல்பா என்று நரம்பியல் டாக்டர் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ரத்தத்தில் முதல் நாளே வேண்டியவை ஹீமோகுளோபின், தட்டணுக்கள், கிரியாட்டினின், இன்னும் சில. பணம் செலவாகும் இடம் ஒன்று உண்டு: புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் புரதங்கள்) என்று பெரிய பேக்கேஜாக எடுப்பது. கட்டி புதிதாக இருக்கும்போதும், ஹெப்பாரினோ வார்ஃபரினோ (ரத்தத்தை இளக்கும் ஊசியும் மாத்திரையும்) போகும்போதும், பிரசவத்தை ஒட்டியும் இதெல்லாம் பொய்யாகக் குறைந்து காட்டும். முடிவு எப்படி இருந்தாலும் முதல் வார சிகிச்சை மாறப்போவதும் இல்லை. எப்போது எடுத்தால் பிரயோஜனம் என்று கேட்டுவிட்டு எடுங்கள். ஆன்டிபாஸ்போலிப்பிட் பரிசோதனை (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ரத்தத்தை உறைய வைக்கும் நோயைக் காட்டுவது) மட்டும் முக்கியம். அது பாசிட்டிவ் என்றால் 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து உறுதி செய்வார்கள். மாத்திரையின் வகையும் காலமும் அதனால் மாறும்.

படி 4: ஹெப்பாரின்

வார்டில் எல்லாக் குடும்பமும் கேட்கும் கேள்வி இது. "இன்னா சிஸ்டர், உள்ள ரத்தம் கசிஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்றாரு, நீங்க ரத்தத்த இளக்குற ஊசியே போட்டுகினு இருக்கீங்க?" நியாயமான கேள்விதான்.

மழைக்காலத்தில் மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி, தளத்தில் ஊறி, கீழே வீட்டுக்குள் சொட்டும். சொட்டுகிற இடத்தில் சிமென்ட் பூசிப் பயனில்லை, குழாய் அடைப்பை எடுக்க வேண்டும். இங்கேயும் அதேதான். சிரை அடைத்ததால் பின்னால் அழுத்தம் ஏறி, மூளை வீங்கி, சின்னச் சின்ன நாளங்கள் கசிகின்றன. கட்டி மேலும் வளராமல் தடுத்தால்தான் கசிவு நிற்கும். ஹெப்பாரின் இருக்கும் கட்டியைக் கரைப்பதில்லை. வளர விடாமல் பிடித்து வைக்கிறது, கரைக்கும் வேலையை உடம்பே செய்துகொள்கிறது.

இது யூகம் இல்லை. ஜெர்மன் மருத்துவர்கள் 1991இல் வெளியிட்ட ஆய்வில் பாதிப் பேருக்கு ஹெப்பாரின், பாதிப் பேருக்கு வெறும் நீர் மருந்து என்று கொடுத்துப் பார்த்தார்கள். 20 பேரிலேயே வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்ததால் ஆய்வை நிறுத்திவிட்டார்கள்: ஹெப்பாரின் போன 10 பேரில் ஒருவரும் சாகவில்லை, போகாத 10 பேரில் 3 பேர் இறந்தார்கள். நம் பக்கத்திலேயே பெங்களூர் நிம்ஹான்ஸில், பிரசவத்துக்குப் பின் இந்த நோய் வந்த பெண்களிடம் ஹெப்பாரினைச் சோதித்து 1995இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஸ்கேனில் கசிவு இருக்கிறது என்பது மட்டும் இந்த ஊசியை நிறுத்தக் காரணமாகாது. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், ஏனென்றால் ஊரிலிருந்து வரும் மாமாவோ சித்தப்பாவோ வந்து நின்று தகராறு செய்யும் கட்டம் இதுதான்.

இப்போது பெரும்பாலும் கொடுப்பது எனாக்ஸாபரின் என்ற ஹெப்பாரின் வகை ஊசி. கிலோவுக்கு 1 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. 60 கிலோ ஆளுக்கு ஒரு வேளைக்கு 60. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்று தோன்றுபவர்களுக்கும் சொட்டு சொட்டாக ஏற்றும் ஹெப்பாரினைத் தேர்ந்தெடுப்பார்கள், அதைச் சட்டென்று நிறுத்த முடியும்.

சிலருக்கு ஊசி வீட்டிலும் தொடரும், அதனால் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். தொப்புளிலிருந்து மூன்று விரல் தள்ளி, இன்றைக்கு வலம் என்றால் அடுத்த வேளை இடம். தோலை இரண்டு விரலால் மடித்துப் பிடித்து, ஊசியை நேராக முழுசாக இறக்கி, மெதுவாகத் தள்ளி, ஊசியை எடுத்த பிறகுதான் மடிப்பை விட வேண்டும். தேய்க்கக் கூடாது, தேய்த்தால்தான் பெரிதாகக் கன்றிப்போகும். மருந்து நிரப்பியே வரும் சிரிஞ்சை முழுசாகப் போடுவதாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும். அங்கங்கே ஊதா நிறத் திட்டு வரும், அது சகஜம். ஐந்தாம் நாளுக்கு மேல் தட்டணுக்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்கள். ஹெப்பாரினால் அது விழுவது அபூர்வம், விழுந்தால் மருந்தை மாற்றியாக வேண்டும்.

படி 5: வீக்கம், ஃபிட்ஸ், கண், ஆபரேஷன்

தலைப்பக்கம் 30 டிகிரி உயர்த்தி வைப்பார்கள். வீக்கம் அதிகமானால் அதை வடிக்கும் மேனிட்டால் மருந்து. ஃபிட்ஸ் வந்தவர்களுக்கு லெவட்டிராசிட்டம் மாதிரி மாத்திரை. ஸ்டீராய்டு இந்த நோய்க்கு உதவுவதாகத் தெரியவில்லை, வேறு நோய் காரணமாக இருந்தால் தவிர. கண் டாக்டர் வந்து பார்வை நரம்பு வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். பார்வை மங்குகிறது என்று நோயாளி சொன்னால் மறுநாள் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே நர்ஸிடம் சொல்லுங்கள். தலைவலி போய் உயிர் பிழைத்து பார்வை போனவர்கள் உண்டு.

ஒயர் விட்டுக் கட்டியை உறிஞ்சி எடுக்கும் முறை இருக்கிறது. முதல் நாளே அதைச் செய்யலாமா என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வில் பார்த்தார்கள், வெறும் ஹெப்பாரினைவிட நன்மை தெரியவில்லை. ஹெப்பாரின் போயும் மோசமாகிக்கொண்டே இருப்பவர்களுக்கு மட்டும் யோசிப்பார்கள். லட்சக்கணக்கில் செலவு சொல்லி இதை முதல் சிகிச்சையாக யாராவது முன்வைத்தால் இன்னொரு டாக்டரிடம் கேட்பது நல்லது.

மண்டையோட்டைத் திறக்கும் ஆபரேஷன் வேறு கதை. நினைவு மங்கி, ஒரு பக்கக் கண்மணி விரிய ஆரம்பித்தால் நேரம் மிகக் குறைவு. எலும்பின் ஒரு பகுதியை எடுத்து மூளைக்கு இடம் கொடுப்பார்கள், எலும்பைப் பாதுகாத்து வைத்துச் சில மாதம் கழித்துத் திரும்பப் பொருத்துவார்கள். செய்யாவிட்டால் இறக்கும் நிலையில் இருந்தவர்களில் பலர் செய்ததால் நடந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கையெழுத்து கேட்கும்போது பெரியப்பா சென்னையிலிருந்து வரட்டும் என்று சொல்லாதீர்கள். போனில் பேசிக்கொள்ளுங்கள், கையெழுத்தைப் போடுங்கள்.

படி 6: ஊசியிலிருந்து மாத்திரைக்கு

நிலைமை தணிந்ததும் மாத்திரை. இரண்டு வகை உண்டு. வார்ஃபரின், அசிட்ரோம் பழைய வகை. மலிவு, ஆனால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். மாத்திரை பிடிக்கும்வரை குறைந்தது ஐந்து நாள் ஊசியும் சேர்ந்தே போகும், அவசரப்பட்டு ஊசியை நிறுத்தச் சொல்லாதீர்கள். டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் புதிய வகை, ஐஎன்ஆர் தேவையில்லை. 120 பேரை வைத்து 2019இல் வெளியான ஆய்வில் டாபிகாட்ரான் போட்டவர்களுக்கும் வார்ஃபரின் போட்டவர்களுக்கும் கட்டி திரும்ப வரவில்லை.

புதிய வகை யாருக்கு ஆகாது: கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், ஆன்டிபாஸ்போலிப்பிட் பாசிட்டிவ் உள்ளவர்கள், சிறுநீரகம் மோசமானவர்கள். வார்ஃபரின் போட்டுக்கொண்டு தாய்ப்பால் கொடுக்கலாம். மாத்திரை விஷம் பாலில் இறங்கும் என்று குழந்தையைப் பிரித்துப் பவுடர் பாலுக்கு மாற்றிவிடுகிறார்கள், தேவையே இல்லை.

படி 7: வீட்டில்

ஒரு சின்ன நோட்டு போடுங்கள். தேதி, ஐஎன்ஆர், டாக்டர் சொன்ன அளவு, அடுத்த டெஸ்ட் தேதி. முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள். மாத்திரை தினமும் ஒரே நேரம், சாயந்திரம் என்றால் சாயந்திரம். வார்ஃபரினோ அசிட்ரோமோ ஒருவேளை மறந்தால் அன்றைக்கே ஞாபகம் வந்தால் போடலாம், மறுநாள்தான் ஞாபகம் வந்தால் விட்டுவிட்டு வழக்கமானதை மட்டும் போடுங்கள், இரட்டிப்பாகப் போடவே கூடாது.

கீரை. வார்ஃபரின் என்றதும் "கீரையைத் தொடவே கூடாது" என்று சொல்லி அனுப்புகிறார்கள். ரத்தசோகை இருக்கும் பெண்ணிடம் கீரையைப் பிடுங்குவது என்ன வைத்தியம்? வாரத்துக்கு ரெண்டு நாள் சாப்பிடுகிற பழக்கம் என்றால் எப்போதும் அதே ரெண்டு நாள் அளவில் சாப்பிடுங்கள். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று ஆடினால்தான் ஐஎன்ஆரும் ஆடும்.

உண்மையான ஆபத்து மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறது. உடம்பு வலிக்கு அட்டை பிரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் "செட்" மாத்திரையில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை இருக்கும், கூட ஸ்டீராய்டும் இருக்கலாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரையோடு அது சேர்ந்தால் குடலில் ரத்தக்கசிவு. வலிக்குப் பாராசிட்டமால் போதும், அதையும் நாள்கணக்கில் நிறையப் போட்டால் ஐஎன்ஆர் ஏறும். வயிற்றுப்போக்குக்கு வாங்கும் மெட்ரோனிடசோல், பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல், கோ-டிரைமாக்ஸசோல் எல்லாம் ஏற்றும். காசநோய் மருந்து ரிஃபாம்பிசின் இறக்கும். காய்ச்சலுக்கு இடுப்பில் ஊசி போடும் கிளினிக்கில் முதல் வார்த்தையே "நான் ரத்தம் இளக்குற மாத்திரை சாப்பிடறேன்" என்பதாக இருக்கட்டும், தசையில் போடும் ஊசி உள்ளே பெரிதாக ரத்தம் கட்டிக்கொள்ளும். பல் பிடுங்கப் போனாலும் இதே.

மாதவிலக்கு அதிகமாகப் போகும், நிறையப் பேருக்குப் போகிறது. பயந்து தாங்களே மாத்திரையை நிறுத்துவதும், கடையில் கேட்டு டிரனெக்ஸாமிக் ஆசிடோ ஹார்மோன் மாத்திரையோ வாங்கிப் போடுவதும் வேண்டாம். இரண்டும் கட்டியைத் திரும்ப வரவழைக்கலாம். பேட் எத்தனை மாறுகிறது என்று எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

கறுப்பாக மலம், சிவப்பாகச் சிறுநீர், நிற்காத மூக்கு ரத்தம், தலையில் அடிபட்டது, திரும்பவும் அதே தலைவலி, ஃபிட்ஸ்: உடனே எமர்ஜென்சி.

படி 8: எத்தனை நாள், எப்போது நிறுத்துவது

பிரசவம், ஹார்மோன் மாத்திரை, நீர் வற்றியது மாதிரி தற்காலிகக் காரணம் என்றால் 3 முதல் 6 மாதம். காரணம் தெரியவில்லை என்றால் 6 முதல் 12 மாதம். ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் உறுதியானவர்களுக்கு, கடுமையான உறைதல் கோளாறு உள்ளவர்களுக்கு, திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு ஆயுசு முழுக்க. நடுவில் ஒரு வீனோகிராம் எடுத்துப் பார்ப்பார்கள். சிரை முழுசாகத் திறக்கவில்லை என்று வந்தால் கலங்க வேண்டாம், பக்கத்துச் சிறு சிரைகள் வழியாக ரத்தம் பாதை பிடித்துக்கொள்ளும்.

தலைவலி போய்விட்டது என்பது நிறுத்தக் காரணம் இல்லை. ஃபிட்ஸ் மாத்திரையின் கணக்கு தனி, அதையும் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. அது முடியும் வரை வண்டி ஓட்டுவதைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு: ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை இனி எப்போதும் வேண்டாம், காப்பர் டி வைக்கலாம். வார்ஃபரின் போடும்போது கர்ப்பமானால் முதல் மாதங்களில் குழந்தைக்குக் கேடு, அதனால் நாள் தள்ளினாலே டெஸ்ட் எடுத்துப் போய்க் காட்டுங்கள், ஊசிக்கு மாற்றுவார்கள். இந்த நோய் வந்தவள் இன்னொரு பிள்ளை பெறக் கூடாது என்று மாமியார் வீட்டில் முடிவு கட்டுவதெல்லாம் தவறு. பெறலாம். கர்ப்பம் முழுக்கவும் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரமும் ஹெப்பாரின் ஊசி தேவைப்படும், அதைத் திட்டமிட வேண்டியது கர்ப்பமாவதற்கு முன்னால். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் படங்கள் உள்ள குறுந்தகட்டையும் பத்திரமாக வைத்திருந்து முதல் செக்கப்பிலேயே மகப்பேறு டாக்டரிடம் கொடுங்கள்.